மண்ணை விட்டுக் காற்றோடு ஓட்டுவது

மலைச் சைக்கிள் ஓட்டிப் பழகியவர் முதல்முறை ரோட்டுப் பந்தயத்துக்கு வந்தால், வழி சுலபமாக இருக்கும் என்றுதான் நினைப்பார். வேர் இல்லை, பாறை இல்லை, வழவழப்பான தார். ஆனால் கூட்டம் வேகம் பிடித்ததும் மூச்சு முட்டுகிறது. கால் பலம் போதவில்லை என்று முடிவுகட்டுவதற்கு முன், எதை எதிர்த்து ஓட்டுகிறோம் என்று பார்க்க வேண்டும். காட்டில் எதிரி மண். தாரில் எதிரி காற்று.

டர்பனை ஒட்டிய கீபா கார்ஜ் போன்ற காட்டுப் பாதைகளில் மணிக்கு 18 கிலோமீட்டர் போனாலே நல்ல வேகம். அந்த வேகத்தில், நிமிர்ந்து உட்கார்ந்திருப்பவர் காற்றை விலக்கச் செலவழிப்பது சுமார் 40 வாட்தான். மற்ற பலமெல்லாம் ஏற்றத்துக்கும் குலுக்கலுக்கும் போய்விடும். வேகத்தை இரண்டு மடங்காக்கி 36-க்குக் கொண்டுவந்தால், காற்றுக்கான செலவு இரண்டு மடங்காகாது, எட்டு மடங்காகும். காற்றின் தடை வேகத்தின் வர்க்கத்தில் ஏறுகிறது. அந்தத் தடையைத் தாண்டித் தள்ளும் திறனோ வேகத்தின் மும்மடியில் ஏறுகிறது. 40 வாட் இப்போது 320 வாட். நன்றாகப் பயிற்சி எடுத்த, வேலைக்குப் போய்க்கொண்டே சைக்கிள் ஓட்டும் ஒருவர் ஒரு மணி நேரம் விடாமல் தரக்கூடியது 250 வாட் அளவுதான். கணக்கு எங்கே இடிக்கிறது என்று தெரிகிறது அல்லவா?

ரோடு சைக்கிளில் ஹேண்டில்பாரின் வளைந்த கீழ்ப்பகுதியைப் பிடித்துக் குனிந்து, முழங்கையை உள்ளே ஒடுக்கினால் அதே 36-க்கு 190 வாட் போதும். இதில் சைக்கிளின் பங்கு சின்னது. காற்றில் மோதுவது பெரும்பாலும் நம் உடம்புதான். அகலமான ஹேண்டில்பாரைப் பிடித்து நெஞ்சை விரித்து உட்காருவது இறக்கத்தில் உயிரைக் காக்கும் பழக்கம். சமதளத்தில் அதுவே ஒரு பாய்மரம்.

டயரும் கொஞ்சம் தின்னும். குமிழ் குமிழான ரப்பர் ஒவ்வொரு சுற்றிலும் நசுங்கி நிமிர்கிறது, நசுக்கக் கொடுத்த பலம் முழுதாகத் திரும்பி வருவதில்லை, மிச்சம் வெப்பமாகப் போகிறது. கியரிலும் ஒரு எல்லை உண்டு: முன்னால் 32 பல், பின்னால் 10 பல் என்றால், நிமிடத்துக்கு 90 முறை மிதித்தாலும் மணிக்கு 40 கிலோமீட்டர்தான் வரும். இவை இரண்டும் கடையில் தீர்ந்துவிடும் பிரச்சினைகள். கூட்டத்துக்குள் ஓட்டுவது அப்படி இல்லை.

நான் முதலில் ஓட்டிய ரோட்டுப் பந்தயம் அமாஷோவா. பீட்டர்மாரிட்ஸ்பர்க்கிலிருந்து டர்பன் கடற்கரை வரை 106 கிலோமீட்டர். சாட்ஸ்வர்த்திலிருந்து வந்த ஒரு அண்ணா பக்கத்தில் ஓட்டிக்கொண்டிருந்தார், இந்தப் பந்தயத்தில் பழம் தின்று கொட்டை போட்டவர். முன்னால் போகிறவருக்கும் எனக்கும் நடுவே நான் விட்டிருந்த இடைவெளியைப் பார்த்து, "தம்பி, அங்க ஒரு லாரியே போகும். கிட்ட போ, ஒரு முழம் விடு, போதும்" என்றார். போனேன். காதில் இரைந்துகொண்டிருந்த காற்று சட்டென்று அடங்கியது. மிதிப்பது அதே வேகம், பெடலில் கனம் மட்டும் குறைந்துவிட்டது.

முன்னால் போகிறவர் காற்றைக் கிழிக்கும்போது, அவர் முதுகுக்குப் பின்னால் அழுத்தம் குறைந்து, அவரோடு சேர்ந்தே நகரும் காற்று ஒன்று உருவாகிறது. அதற்குள் புகுந்தால் தடை மூன்றில் ஒரு பங்குக்கு மேல் குறையும். பின்னால் ஆள் ஒட்டி வந்தால் அந்தக் காலியிடம் நிரம்புவதால், முன்னால் போகிறவருக்கும் சிறிதளவு லாபம் உண்டு. பெரிய கூட்டத்துக்குள் நடப்பது இதைவிட ஆச்சரியம். நெதர்லாந்தில் பெர்ட் ப்ளோக்கன் குழுவினர் 121 பேர் கொண்ட கூட்டத்தைக் கணினியிலும் காற்றுச் சுரங்கத்திலும் சோதித்து 2018-இல் முடிவுகளை வெளியிட்டார்கள். கூட்டத்தின் நடுப்பகுதியிலும் பின்பகுதியிலும் இருப்பவருக்கு வரும் தடை, தனியாக ஓட்டுபவருக்கு வருவதில் 5 முதல் 10 சதவீதம்தான். கூட்டம் 54-இல் பறக்கும்போது, உள்ளே இருப்பவர் தனியாக 12 முதல் 15 கிலோமீட்டர் வேகத்தில் போவது போலத்தான் உழைக்கிறார்.

அப்படியானால் கடைசியில் ஒட்டிக்கொண்டால் போதாதா? போதாது. திருப்பத்தில் முன்னால் இருப்பவர் லேசாக வேகம் குறைத்தால், பின்னால் இருப்பவர் அரை விநாடி கழித்து இன்னும் கொஞ்சம் அதிகமாகக் குறைக்கிறார். இந்த அலை பின்னோக்கிப் பெருகிக்கொண்டே போகும். முன்னால் 5 கிலோமீட்டர் குறைந்தது வால்பகுதிக்கு வரும்போது பிரேக்கை அழுத்தி நிற்பதாகவே மாறிவிடலாம். திருப்பம் முடிந்ததும் வால்காரர் முழு பலத்தையும் போட்டு ஓட வேண்டும். நூறு கிலோமீட்டர் பந்தயத்தில் இது எத்தனை முறை வரும்! அதனால்தான் அனுபவசாலிகள் கூட்டத்தின் முதல் மூன்றில் ஒரு பங்கிலேயே இருப்பார்கள்.

மலைச் சைக்கிள்காரரின் விரல் எப்போதும் பிரேக்கில்தான். கூட்டத்துக்குள் அந்த விரல் மற்றவர்களுக்கு ஆபத்து. அண்ணா அதற்கும் வழி சொன்னார்: "பிரேக்கைத் தொடாதே, நெஞ்சை நிமிர்த்து." நிமிர்ந்தால் காற்றே பிடித்து இழுக்கும், வேகம் மெல்லக் குறையும், பின்னால் யாரும் பதற வேண்டாம். அப்புறம், முன் சக்கரத்தை அடுத்தவரின் பின் சக்கரத்துக்குப் பக்கவாட்டில் நுழைக்கவே கூடாது. சைக்கிள் விழாமல் நிற்பது, சாயும் பக்கமாகவே ஹேண்டிலைத் திருப்பிச் சக்கரங்களை உடம்புக்கு அடியில் கொண்டுவருவதால். நம் சக்கரம் இடப்பக்கம் உரசினால் ஹேண்டில் வலப்பக்கம் தள்ளப்படும், உடம்பு இடப்பக்கம் சாயும். நிமிர இடப்பக்கம் திருப்ப வேண்டும், அங்கேதான் அவர் சக்கரம் மறித்து நிற்கிறது. பெரும்பாலும் விழுவது பின்னால் வந்தவர்தான்.

பக்கக் காற்று அடித்தால், முன்னால் போகிறவர் முதுகுக்குப் பின்னால் கிடைக்கும் காற்று நிழலும் பக்கவாட்டில் நகர்ந்துவிடும், வரிசை சாய்ந்த கோடாக விரியும். ரோட்டின் அகலம் தீர்ந்த இடத்தில் நிழலும் தீர்ந்தது, அதற்குப் பின்னால் ஓரத்தில் வருபவர்கள் தனித்தனியாக அறுந்து போவார்கள். கேப் டவுனில் வீசும் தென்கிழக்குக் காற்று அந்த நிலையையும் தாண்டும். 2017 மார்ச்சில் 109 கிலோமீட்டர் கேப் டவுன் சைக்கிள் டூர் ரத்தானதற்கு அந்தக் காற்று ஒரு முக்கியக் காரணம். ஆட்கள் சைக்கிளைக் கையில் பிடித்துக்கொண்டு நிற்கவே முடியவில்லை.

ஜோஹன்னஸ்பர்க்கில் கதை வேறு. ஏறக்குறைய 1,750 மீட்டர் உயரத்தில் காற்றின் அடர்த்தி டர்பனைவிடச் சுமார் ஆறில் ஒரு பங்கு குறைவு, தடையும் அந்த அளவு குறையும். ஆக்சிஜனும் குறையும் என்பதால் உடம்பு அந்த லாபத்தில் ஒரு பகுதியைத் திருப்பிக் கொடுத்துவிடும்.

மலைச் சைக்கிளில் கற்றது வீண் என்று சொல்லவே மாட்டேன். 2011-இல் டூர் டி பிரான்ஸ் வென்ற கேடல் எவன்ஸ், அதற்கு முன் மலைச் சைக்கிள் உலகக் கோப்பையை வென்றவர். நம் டர்பனில் பிறந்த ஆலன் ஹாதர்லி 2024-இல் பாரிஸ் ஒலிம்பிக்கில் வெண்கலமும் அதே ஆண்டில் மலைச் சைக்கிள் உலகப் பட்டமும் வாங்கிவிட்டு, 2025-இல் ஜேகோ அல்உலா என்ற ரோட்டுப் பந்தய அணியில் சேர்ந்தார். இறக்கத்தில் இவர்களுக்கு இருக்கும் நிதானமும், திடீரென்று பலத்தைக் கொட்டிவிட்டு உடனே மூச்சை மீட்கும் பழக்கமும் ரோட்டில் பொன் மாதிரி.

மாற வேண்டியது அந்தப் பலத்தைக் கொட்டும் நேரம். குறுகலான காட்டுப் பாதைக்குள் முதலில் நுழைய, மலைச் சைக்கிள்காரர் தொடக்கத்திலேயே பாய்வார். ரோட்டின் முடிவில் மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் காற்றுக்கு மட்டும் 800 வாட்டுக்கு மேல் போகும், அதைச் சில விநாடிகளுக்குத்தான் தாங்க முடியும். அதனால் வேகத்தில் கெட்டிக்காரர்கள் கடைசி 200 மீட்டர் வரை இன்னொருவர் முதுகுக்குப் பின்னால்தான் இருப்பார்கள்.