லோனர் கார்: கடனா, இரவலா, மாற்றா?

தக்கலையில் இருக்கும் என் சித்தப்பா, ஓய்வூதியம் வரத் தொடங்கிய பிறகு ஒரு மின்சாரக் கார் வாங்கினார். ஒரு நாள் காலையில் அது வீட்டில் சார்ஜ் ஏற மறுத்தது. பிளக்கைக் கழற்றிப் போட்டார், வேறு பிளக்கில் போட்டார், அசையவில்லை. மிச்சமிருந்த சார்ஜில் நாகர்கோவில் சர்வீஸ் மையத்துக்கு ஓட்டிக்கொண்டு போனார். பரிசோதித்துவிட்டு, "பாகம் வெளியூரிலிருந்து வரவேண்டும் சார், நாளாகும். லோனர் கார் காலியானால் கூப்பிடுகிறோம்" என்று சொல்லி அனுப்பினார்கள்.

சித்தப்பா என்னைத் தொலைபேசியில் அழைத்தார். "மக்களே, வண்டியைச் சரியாக்க லோன் வேறு எடுக்கவேண்டுமாம். எடுத்த லோனே இன்னும் முடியவில்லை."

அவரைச் சொல்லிக் குற்றமில்லை. தமிழில் 'லோன்' என்றால் வங்கி, வட்டி, மாதத் தவணை. 'லோன் வண்டி' என்றால் ஆர்.சி. புத்தகத்தில் வங்கியின் பெயரும் ஏறிய வண்டி. அந்தச் சொல்லின் வாலில் ஒரு 'அர்' சேர்ந்ததும் பொருள் தலைகீழாகிறது: வட்டியில்லை, தவணையில்லை, உங்கள் வண்டி பட்டறையில் கிடக்கும் நாள்வரை ஓட்டிக்கொள்ள அவர்கள் கொடுக்கும் வேறொரு வண்டி.

ஆங்கிலத்தில் 'லோன்' வடக்கிலிருந்து, பழைய நார்ஸ் மொழியிலிருந்து வந்த சொல். 'லோனர்' என்பதற்குக் கொடுப்பவர் என்று ஒரு பொருள் உண்டு. அமெரிக்கர்கள் அதைக் கொடுக்கப்படும் பொருளுக்கு ஆக்கிக்கொண்டார்கள். கைக்கடிகாரத்தைப் பழுதுபார்க்கக் கொடுத்தால், அதுவரை கட்டிக்கொள்ள கடைக்காரர் தரும் கடிகாரமும் அவர்களுக்கு லோனர்தான். பிரிட்டனில் இதே காருக்கு 'கர்டஸி கார்' என்று பெயர். கர்டஸி என்பது அரசவையைக் குறிக்கும் 'கோர்ட்' என்ற சொல்லின் வழியில் வந்தது; அவையில் பழகியவரின் பண்பு. தமிழில் 'மரியாதை வண்டி' என்று எழுதிப் பார்த்தேன். கோயில் கொடையில் பரிவட்டம் கட்டிக்கொண்டு ஏறவேண்டிய வண்டி போலத் தோன்றியது. விட்டுவிட்டேன்.

சில விளம்பரங்களில் 'கடன் கார்' என்று மொழிபெயர்த்திருப்பதைக் காண்கிறேன். இது பிழை. பழைய தமிழில் கடன் முதலில் கடமை. 'ஈன்று புறந்தருதல் என்தலைக் கடனே' என்று புறநானூற்றுத் தாய் சொல்வது வங்கிக் கடனை அல்ல; காலைக்கடன் என்பதும் அப்படித்தான். 'என் கடன் பணி செய்து கிடப்பதே' என்றார் அப்பர். சித்தப்பாவின் கார் அதில் 'கிடப்பதே' என்ற சொல்லை மட்டும் எடுத்துக்கொண்டது. பணம் தொடர்பான பொருளில் கடன் என்றால், வாங்கியதைச் செலவழித்துவிட்டு அதற்கு ஈடானதைத் திருப்பித் தருவது. வாங்கிய அதே நூறு ரூபாய்த் தாளை யாரும் கேட்பதில்லை. காரை அப்படிச் செய்ய முடியுமா? இதே நிறத்தில் வேறொரு கார் கொண்டுவந்திருக்கிறேன், வைத்துக்கொள்ளுங்கள் என்று சொல்ல முடியாது. வாங்கிய அதே வண்டிதான் திரும்பிப் போகவேண்டும்.

அதற்குத் தமிழில் சொல் உண்டு: இரவல். கல்யாணத்துக்கு இரவல் நகை, நூலகத்தில் இரவல் புத்தகம். 'இரவல் சேலையை நம்பி இடுப்புக் கந்தையை எறிந்தாளாம்' என்ற பழமொழியில் வரும் சேலையும் உரியவளிடமே போய்ச் சேர வேண்டியதுதான். பொருளளவில் லோனர் காருக்கு இதைவிடப் பொருத்தமான சொல் இல்லை.

ஆனால் வேர் உறுத்துகிறது. இரவல் என்பது 'இர' என்ற வினையின் பிள்ளை. இரத்தல், பிச்சை கேட்டல். வள்ளுவர் 'இரவு' என்று ஓர் அதிகாரமும், அதை அடுத்தே 'இரவச்சம்' என்று ஓர் அதிகாரமும் வைத்திருக்கிறார். 'ஈயென இரத்தல் இழிந்தன்று' என்று புறநானூறு சொல்கிறது. நூலகத்தில் புழங்கிப் புழங்கி அந்தச் சொல்லிலிருந்து கூச்சம் போய்விட்டது என்பது உண்மை. புத்தகம் இரவல் வாங்குகிறவர் கையேந்துவதாக யாரும் நினைப்பதில்லை. ஆயினும் சர்வீஸ் மையத்து மேசைக்கு முன்னால் நிலைமை வேறு. லட்சக்கணக்கில் கொடுத்து வாங்கியவர், உத்தரவாதக் காலம் முடியாதவர், பாகம் வராததால் நடந்து திரிகிறவர், அவர் எதற்கு இரக்கவேண்டும்?

தொல்காப்பியம் இந்த இடத்தில் கைகொடுக்கிறது. ஈ, தா, கொடு மூன்றும் கேட்கும் சொற்கள்தாம். ஆனால் 'ஈ' தாழ்ந்தவன் கேட்பது, 'தா' ஒத்தவன் கேட்பது, 'கொடு' உயர்ந்தவன் கேட்பது என்று அதன் எச்சவியல் என்ற இயல் பிரிக்கிறது. சித்தப்பா முதல் சில நாள் 'ஈ' என்ற தொனியில்தான் கேட்டார். பிறகு 'தா'வுக்கு வந்தார். எட்டாம் நாள் பின்னேரம் தொலைபேசியில் அவர் பேசியது 'கொடு'. ஒன்பதாம் நாள் வண்டி வந்தது.

ஏன் இத்தனை நாள் என்று கேட்கலாம். மின்சாரக் காரில் என்ஜின் ஆயில் இல்லை, கிளட்ச் இல்லை, சைலன்சர் இல்லை. வழக்கமான சர்வீஸ் அரை நாளில் முடிந்துவிடும். பழுது என்று வந்தால்தான் சிக்கல். சித்தப்பாவின் வண்டியில் கெட்டது உள்மின்னேற்றி. வீட்டுச் சுவரிலிருந்து வருவது மாறுதிசை மின்சாரம். மின்கலம் ஏற்றுக்கொள்வது நேர்திசை மின்சாரம். ஒன்றை மற்றொன்றாக மாற்றும் பெட்டி அது. நெடுஞ்சாலை விரைவு சார்ஜர்கள் மாற்றும் வேலையைத் தாமே செய்து நேராக மின்கலத்துக்கு அனுப்புவதால், அந்தப் பெட்டி செத்தாலும் அங்கே சார்ஜ் ஏற வாய்ப்புண்டு. ஆனால் தினமும் அதற்காக நெடுஞ்சாலைக்குப் போய்வர யாரால் முடியும்? அந்தப் பெட்டியைப் பெரும்பாலும் பிரித்துச் சரிசெய்வதில்லை. முழுசாகக் கழற்றி வேறொன்று வைப்பார்கள். வடசேரியில் இல்லாவிட்டால் மார்த்தாண்டத்தில் கிடைக்கும் என்று சொல்லக்கூடிய சரக்கு அல்ல அது. வந்த பிறகும், பல கார்களில் மின்கலத் தொகுப்பு 300 வோல்ட்டுக்கு மேல் இருப்பதால், பயிற்சி பெற்ற ஆள்தான் தொட முடியும். இணைப்பைத் துண்டித்து, உள்ளே தேங்கிய மின்சாரம் வடியும்வரை பொறுத்து, காப்புக் கையுறை போட்டுக்கொண்டுதான் ஆரஞ்சு நிறக் கேபிள்களில் கைவைப்பார். முப்பது வருடம் அம்பாசடர் கழற்றிப் பழகிய நம் ஊர் மெக்கானிக் அண்ணன்மார் அதன் பக்கமே போகாதது நல்லதுதான்.

காத்திருப்பு என்ற சொல்லையும் இங்கே பார்த்துவிடலாம். காத்தல் என்றால் காவல். காத்து இருப்பதிலிருந்துதான் 'காத்திரு' வந்தது. வியப்பு என்னவென்றால் ஆங்கில 'வெயிட்' என்பதும் பழைய பிரெஞ்சு வழியாக வந்த காவல் சொல்லே. கண்விழித்துப் பார்த்திருத்தல் என்பது அதன் மூலப்பொருள். சித்தப்பா இரண்டு மொழிகளுக்கும் நேர்மையாக இருந்தார். வாரம் இருமுறை நாகர்கோவில் போய், பட்டறை மூலையில் தூசி படிந்து நின்ற தன் காரைப் பார்த்துவிட்டு வந்தார்.

இனி எனக்குப் பிடித்த சொல்லுக்கு வருகிறேன்: மாற்று.

துவைக்கப் போட்ட துணி வரும்வரை உடுத்துக்கொள்வது மாற்றுத் துணி. இதில் பழைய வழக்கம் ஒன்றும் ஒளிந்திருக்கிறது. சடங்குகளுக்கும் தீட்டுக் கழிப்பதற்கும் வண்ணார் வீட்டிலிருந்து வெளுத்த துணி வரும். உடுத்தவர்கள் அதைத் திருப்பிக் கொடுத்துவிடுவார்கள். அதற்கு மாற்று என்றே பெயர். மலையாளத்தில் வண்ணாத்தி மாற்று என்பார்கள். துணி வண்ணாருடையது, உடுப்பவர் வேறு, சடங்கு முடிந்ததும் வந்த இடத்துக்கே திரும்பும். லோனர் காரின் இலக்கணம் அப்படியே இருக்கிறது. அந்த வழக்கத்தில் சாதியின் கனம் இருந்தது, அதைத் தூக்கிக் கொண்டாட நான் வரவில்லை. ஆனால் சொல் ஒன்றைத் தெளிவாகக் காட்டுகிறது: மாற்று என்பது வேலையை ஏற்றவர் தரவேண்டியது. வாங்குபவர் இரப்பதில்லை.

கைமாற்று என்று ஒரு நண்பர் சொன்னார். வட்டியில்லாத சில நாள் பணத்துக்கு அது நல்ல சொல். வண்டியோடு சேர்த்தால் 'கைமாறிய வண்டி' நினைவுக்கு வரும். பழைய கார் வியாபாரம் ஆகிவிடும். வாடகை வண்டி என்பதும் ஆகாது. நாமே ஓட்டிக்கொள்ள வாடகைக்கு விடும் கார்களுக்குக் கறுப்புப் பலகையில் மஞ்சள் எழுத்து. அதன் சட்டம் வேறு.

மாற்று வண்டிக்கும் ஒரு குறை உண்டு. மின்கலத்துக்கு 8 ஆண்டு அல்லது 1,60,000 கிலோமீட்டர் உத்தரவாதம் என்று பல நிறுவனங்கள் எழுதுகின்றன. அதன்படி வேறு மின்கலம் வைப்பதும் மாற்றுதலே. 'மாற்று வண்டி தருவோம்' என்றால் புது வண்டியே தந்துவிடுவார்கள் என்று ஒருவர் நினைக்கக்கூடும். ஆகவே பேச்சிலும் பெயர்ப்பலகையிலும் 'மாற்று வண்டி' என்று சொல்லலாம். கையெழுத்துப் போடும் தாளில் 'இரவல்' என்ற சொல்லும் இருக்கட்டும். சட்டத்துக்கு அந்தத் தெளிவு தேவை. 1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம் 159-ஆம் பிரிவின்படி, இலவசமாக இரவல் கொடுத்தவர் காலம் குறித்தே கொடுத்திருந்தாலும் இடையில் திரும்பக் கேட்கலாம். ஆனால் அந்தக் காலத்தை நம்பிக் காரியம் செய்தவருக்கு, அடைந்த பயனை மிஞ்சிய நட்டம் வந்தால், அதை ஈடுசெய்யவேண்டும்.

சித்தப்பாவுக்கு வந்த மாற்று வண்டி பெட்ரோல் கார். மின்சார வண்டியின் பச்சை எண்பலகையைக் காணாத பக்கத்து வீட்டுக்காரர்கள், விற்றுவிட்டீர்களா என்று துக்கம் விசாரித்தார்கள். ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தாலே வேகம் நன்றாகக் குறைந்து பழகியவர், இதில் காலை எடுத்தும் வண்டி ஓடிக்கொண்டே இருக்கக் கண்டு பார்வதிபுரம் மேம்பால இறக்கத்தில் பதறிப் பிரேக்கை மிதித்ததாகச் சொன்னார்.

இந்த வண்டிக்குள் இன்னொரு சொல்லும் உட்கார்ந்திருந்தது. ஒப்படைக்கும்போது எரிபொருள் முள் எந்தக் கோட்டில் நிற்கிறது என்று தாளில் குறித்துக்கொண்டார்கள். அதே கோட்டில் திரும்பத் தரவேண்டும் என்பது பேச்சு. காரை அப்படியே தருவது இரவல். ஆனால் உள்ளிருந்த பெட்ரோல் எரிந்துவிடும், அதே பெட்ரோலைத் தர முடியாது, அதே அளவைத்தான் தர முடியும். அடுத்த வீட்டில் ஒரு நாழி அரிசி வாங்கி, ஒரு நாழி அரிசியாகத் திருப்பிக் கொடுப்பது போல. இதற்குக் குறளிலேயே பெயர் இருக்கிறது:

'வறியார்க்கொன்று ஈவதே ஈகைமற் றெல்லாம்
குறியெதிர்ப்பை நீர துடைத்து.'

குறியெதிர்ப்பை என்றால், அளவு குறித்து வாங்கி அதே அளவில் எதிர் கொடுப்பது என்று பரிமேலழகர் உரை எழுதுகிறார். கார் இரவல்; காருக்குள் இருக்கும் பெட்ரோல் குறியெதிர்ப்பை. மின்சார வண்டியையே மாற்றாகத் தந்தால், திரையில் தெரியும் சார்ஜ் சதவீதம்தான் குறி.

இருபத்தாறாம் நாள் தம் கார் தயார் என்று செய்தி வந்ததும் சித்தப்பா புறப்பட்டார். வழியில் ஒரு பங்கில் நிறுத்தி, குறித்த கோடு வரும்வரை கொஞ்சம் கொஞ்சமாகப் பெட்ரோல் போடச் சொன்னாராம். பங்குப் பையன் கொஞ்சம் கூடுதலாக விட்டுவிட்டான். மீதித் தூரத்தில் அது சரியாகிவிடும் என்று கணக்குப் போட்டு, மையத்து வாசலைத் தாண்டிப் போய், கோட்டாறு வரை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு வந்து சாவியைக் கொடுத்தார்.