ரக்பி லீகில் சம்பள வரம்பு: ஒருவரை எடுக்க யாரை விடுவது?

ஆஸ்திரேலியாவின் ரக்பி லீக் போட்டியான என்.ஆர்.எல்.-லில் கஜானா நிறைந்த கிளப்பும் இஷ்டத்துக்கு ஆள் எடுத்துவிட முடியாது. 30 பேர் கொண்ட முதன்மை அணிக்கு ஆண்டுச் சம்பளம் இவ்வளவுதான் என்று எல்லாக் கிளப்புக்கும் ஒரே வரம்பு. 2023இல் அது சுமார் 1.21 கோடி ஆஸ்திரேலிய டாலர். நீண்டகாலமாக ஒரே கிளப்பில் ஆடுபவர்களுக்காகச் சிறு சலுகை உண்டு, அவ்வளவுதான்.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். தலைக்குச் சராசரி 4 லட்சம். மூன்று நட்சத்திரங்களுக்கு ஆளுக்கு 12 லட்சம் கொடுத்தால், மற்ற 27 பேருக்கு அது 3.15 லட்சமாக இறங்கிவிடும். அதனால் ஆளெடுப்பவர் முதலில் புரட்டுவது, யாருடைய ஒப்பந்தம் எந்த ஆண்டு முடிகிறது என்ற பட்டியலைத்தான்.

ஜெயிக்கிற அணிக்குத்தான் இதில் தலைவலி அதிகம். கோப்பை வாங்கியவர்களின் விலை ஏறும், வரம்பு அந்த வேகத்தில் ஏறாது. 2021 முதல் 2024 வரை தொடர்ந்து நான்கு முறை பட்டம் வென்ற பென்ரித் கிளப்பைப் பாருங்கள். பர்ட்டன், கிக்காவ், கொரோய்சாவ், கிரைட்டன் என்று சீசனுக்குச் சீசன் யாராவது கிளம்பினார்கள். உள்ளூர்ப் பையன்களை வளர்த்துத்தான் அந்த இடங்களைப் பெரும்பாலும் நிரப்பினார்கள்.

ஒப்பந்தத்தின் கடைசி ஆண்டு தொடங்குவதற்கு முந்தைய நவம்பர் 1 முதலே வீரர் வேறு கிளப்போடு பேசலாம். ஜரோம் லுவாய் இப்படித்தான் 2024 சீசனுக்கு முன்பே வெஸ்ட்ஸ் டைகர்ஸுடன் முடித்துக்கொண்டு, அந்த ஆண்டு முழுக்கப் பென்ரித்துக்கு ஆடி, பட்டமும் வாங்கிக்கொண்டு போனார். நமக்கு விசித்திரமாகத் தெரியும், அங்கே சகஜம்.

இங்கிலாந்தின் சூப்பர் லீகில் கொஞ்சம் தளர்வு: ‘மார்க்கீ’ என்று கிளப் குறிக்கும் நட்சத்திர வீரருக்கு எவ்வளவு கொடுத்தாலும் குறிப்பிட்ட தொகை மட்டுமே வரம்பில் சேரும்.

ஓட்டை எங்கே? வெளியார் ஒப்பந்தத்தில். கிளப்புக்குச் சம்பந்தமில்லாத நிறுவனம் வீரருக்கு விளம்பரப் பணம் தரலாம், என்.ஆர்.எல்.-லில் பதிவு செய்ய வேண்டும், கிளப் உத்தரவாதம் தரக் கூடாது. எது சம்பந்தமில்லாத நிறுவனம் என்பதை நிரூபிப்பது லேசான காரியமல்ல. இந்த வழியில் வரம்பை மீறியதற்காக 2016இல் பாராமட்டா கிளப்புக்குப் பட்டியலில் 12 புள்ளிகளும் அபராதமாக 10 லட்சம் டாலரும் போயின.

மெல்போர்ன் ஸ்டார்ம் கிளப் இன்னும் ஒரு படி மேலே போய் இரட்டைக் கணக்கே வைத்திருந்தது. 2010இல் சிக்கியபோது 2007, 2009 பட்டங்கள் பறிபோயின. அந்த ஆண்டு மிச்ச ஆட்டங்களில் ஜெயித்தாலும் புள்ளி கிடையாது. அப்புறம், வரம்புக்குள் வர ஆள் குறைக்க வேண்டியிருந்தது. கிரெக் இங்லிஸ் சவுத் சிட்னிக்குப் போனார்.