பாதுகாப்பு ஆணை: சொல் விளக்கம்

"பிள்ளைக்கு ஒரு ஸ்டே எடுத்துத் தரணும் சாரே." அடி தாங்காமல் தாய் வீட்டுக்கு வந்துவிட்ட மகளைக் கூட்டிக்கொண்டு, கன்னியாகுமரி மாவட்டத்தின் குழித்துறையிலோ இரணியலிலோ வக்கீல் ஆபீஸ் படியேறும் பெற்றோர் பெரும்பாலும் இப்படித்தான் கேட்கிறார்கள். சிலர் "போலீஸ் பாதுகாப்பு வேணும்" என்பார்கள். அவர்களுக்கு வேண்டியது இந்த இரண்டுமே இல்லை. சட்டத்தில் அதற்குத் தனிப்பெயர் உண்டு: பாதுகாப்பு ஆணை. பெயரை மாற்றிக் கேட்டால் போய்ச் சேரும் கோர்ட்டும் மாறும், மீறுகிறவனுக்குக் கிடைக்கும் தண்டனையும் மாறும். அதனால் இந்தச் சொல்லை நிதானமாகப் பார்ப்பது நல்லது.

குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்கும் சட்டம் 2005இல் இயற்றப்பட்டு, 2006 அக்டோபர் 26 முதல் நடைமுறையில் இருக்கிறது. அதன் 18ஆம் பிரிவின்படி நீதித்துறை நடுவர் பிறப்பிப்பதுதான் பாதுகாப்பு ஆணை. அடிக்காதே, அவள் வேலை பார்க்கும் இடத்துக்கோ பிள்ளை படிக்கும் பள்ளிக்கோ போகாதே, போனிலும் நேரிலும் தொடர்பு கொள்ளாதே, வங்கிக் கணக்கையும் லாக்கரையும் தொடாதே, அவளுக்குத் துணை நிற்கிற உறவினரைத் தொந்தரவு செய்யாதே என்று எதிர்மனுதாரருக்கு இடும் தடை அது. மனைவி மட்டும்தான் கேட்கலாம் என்பதில்லை. ஒரே வீட்டில் வாழ்ந்த தாய், சகோதரி, விதவையான மருமகள், திருமணம் போன்ற உறவில் சேர்ந்து வாழ்ந்த பெண் எல்லோருக்கும் இது பொருந்தும்.

சொல்லின் வேர் என்ன? பாதுகாப்பு என்பதற்குள் இருக்கும் வினை 'கா'. கையில் போடும் காப்பு, கொடை விழாவுக்குக் கட்டும் காப்பு, பழைய நூல்களின் தொடக்கத்தில் வரும் காப்புச் செய்யுள் எல்லாம் அதன் பிள்ளைகள். தீங்கு வருமுன் போடுவது காப்பு என்ற கருத்து இவை எல்லாவற்றிலும் இருக்கிறது. சட்டத்தின் நோக்கமும் அதுவே. நடந்த அடிக்குத் தண்டனை கொடுப்பது வேறு வழக்கு; அடுத்த அடி விழாமல் தடுப்பது இந்த ஆணை. ஆங்கிலத்தில் புரொடெக்‌ஷன் என்பதும் லத்தீனில் முன்னால் மூடி மறைப்பது என்ற பொருளிலிருந்து வந்ததுதான்.

ஆணை என்பதை வடமொழி ஆக்ஞையின் பிராகிருத வடிவத்தோடு அகராதி சேர்க்கிறது. நம் ஊரில் "அம்மையாணை" என்று சத்தியம் செய்கிறார்களே, அதே ஆணைதான். உத்தரவு என்பது உத்தரம், அதாவது பதில் என்ற சொல்லிலிருந்து வந்தது. கேட்டதற்கு மேலிடம் தந்த பதில் உத்தரவு. மலையாளத்தில் இன்றும் அரசாணைக்கு உத்தரவு என்றே பெயர். 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர்-கொச்சியோடு இருந்த மண் என்பதால் விளவங்கோடு, கல்குளம் பக்கத்துப் பெரியவர்கள் வாயில் அந்தச் சொல்தான் எளிதாக வரும். பாதுகாப்பு உத்தரவு என்றாலும் தவறில்லை. ஆனால் மனுவில் பாதுகாப்பு ஆணை என்றே எழுதுவது நல்லது. உத்தரவு என்ற சொல்லைக் கலெக்டர் முதல் கிராம நிர்வாக அலுவலர் வரை எல்லோரும் பயன்படுத்துவதால், எந்த உத்தரவு என்ற குழப்பம் வந்துவிடுகிறது.

இனி, இதோடு போட்டுக் குழப்பும் சொற்கள். ஸ்டே என்பது கீழ்க்கோர்ட்டின் தீர்ப்பையோ ஓர் அலுவலரின் நடவடிக்கையையோ நிறுத்திவைப்பது. அதற்குத் தமிழ் தடையாணை. ஒருவன் கைநீட்டுவதை நிறுத்த ஸ்டே கிடையாது. ஒன்றைச் செய் அல்லது செய்யாதே என்று கட்டளையிடும் இஞ்சங்ஷனுக்கு நம் கோர்ட்டுகளில் வழங்கும் சொல் உறுத்துக்கட்டளை. வலியுறுத்து, அறிவுறுத்து என்பவற்றில் வருகிற அதே 'உறுத்து'. உரிமையியல் நீதிமன்றம் தருவது அது. நடைமுறை வேறுபாடு இங்கேதான் பெரிதாகிறது. இடைக்கால உறுத்துக்கட்டளையை ஒருவன் மீறினால், அதே கோர்ட்டில் இன்னொரு மனு போட்டு, மீறினான் என்று காட்ட வேண்டும்; சிவில் சிறை அதிகபட்சம் 3 மாதம். அதற்குள் ஸ்டேஷனுக்குப் போனால் "இது சிவில் மேட்டர், கோர்ட்டில் பாருங்க" என்று திருப்பி அனுப்புவார்கள். பாதுகாப்பு ஆணையை மீறுவது 31ஆம் பிரிவின்படி குற்றம். ஓராண்டு வரை சிறை அல்லது 20,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். வாரண்ட் இல்லாமல் போலீஸ் கைது செய்யலாம். ஜாமீன் உரிமையாகக் கிடைக்காத குற்றம்; கோர்ட் பார்த்துத் தந்தால்தான் உண்டு. பாதிக்கப்பட்டவளின் ஒற்றைச் சாட்சியத்தை வைத்தே மீறல் நடந்தது என்று கோர்ட் முடிவு செய்யலாம் என்றும் சட்டம் சொல்கிறது. பூட்டிய கதவுக்குள் நடப்பதற்கு வேறு யார் சாட்சி வருவார்கள்?

போலீஸ் பந்தோபஸ்து வேறு. அதற்குப் பெரும்பாலும் மதுரைக் கிளை உயர் நீதிமன்றம் வரை ரிட் மனுவோடு போக வேண்டியிருக்கும். 144 தடை உத்தரவும் வேறு. 2024 ஜூலை முதல் அது புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 163ஆம் பிரிவு. அமைதியைக் குலைக்க மாட்டேன் என்று கோட்டாட்சியர் அல்லது சார் ஆட்சியர் முன் எழுதி வாங்கும் அமைதிப் பிணை, பழைய 107, இப்போது 126ஆம் பிரிவு. கணவனிடம் அதை எழுதி வாங்கியதோடு பிரச்சினை முடிந்தது என்று நினைத்துவிடக் கூடாது. அந்தப் பிணை அரசுக்குக் கொடுத்தது. அதில் அவள் தங்கும் வீட்டைப் பற்றியோ சாப்பாட்டுச் செலவைப் பற்றியோ ஒரு வரிகூட இருக்காது.

சரி, எந்தக் கோர்ட்? நாகர்கோவில், பத்மநாபபுரம், இரணியல், குழித்துறை எங்கும் நீதித்துறை நடுவர் நீதிமன்றங்கள் உண்டு. அவள் இப்போது தற்காலிகமாகத் தங்கியிருக்கும் ஊரின் நடுவரிடமே மனு போடலாம். வன்முறை சென்னையில் நடந்திருந்தாலும் தாய் வீடு குளச்சலில் என்றால் சென்னைக்கு அலைய வேண்டியதில்லை. ஆணை இந்தியா முழுவதும் செல்லும். ஏற்கெனவே குடும்ப நல நீதிமன்றத்தில் விவாகரத்து வழக்கு ஓடுகிறதா? 26ஆம் பிரிவின்படி அங்கேயே இதே பரிகாரங்களைக் கேட்கலாம். உரிமையியல், குற்றவியல் வழக்குகளிலும் அப்படியே. ஒரு கோர்ட்டில் கிடைத்ததை நடுவரிடம் மறைக்காமல் சொல்ல வேண்டும், அவ்வளவுதான். கணவன் மீது கொடுமை வழக்கு இருந்து ஜாமீனில் வந்திருந்தால், வீட்டுப் பக்கம் வரக் கூடாது என்று அந்தக் கோர்ட் நிபந்தனை போட்டிருக்கலாம். அது ஜாமீனோடு சேர்ந்தே முடிந்துவிடும். பாதுகாப்பு ஆணை, அவளே வேண்டாம் என்று மனு போடும்வரை அல்லது சூழ்நிலை மாறியதாக நடுவர் கருதி மாற்றும்வரை நிற்கும்.

வீடுதான் எல்லாவற்றிலும் பெரிய சண்டை. "வீடு மாமியார் பேரிலாக்கும், உனக்கு இங்க என்ன உரிமை?" என்ற கேள்வியைக் கேட்காத பெண் குறைவு. நாஞ்சில் நாட்டில் மருமக்கள் வழி இருந்த காலத்தில் கணவன் இறந்ததும் சொத்து அவன் மருமக்களுக்கு, அதாவது சகோதரியின் பிள்ளைகளுக்குப் போகும். மனைவி மக்களுக்கு உகந்துடைமை என்று ஒரு சிறு பங்கு மட்டும். பத்திரத்தில் பேர் இல்லாதவள் வெளியே என்ற எண்ணத்துக்கு இங்கே வயது அதிகம். சட்டம் பேரைக் கேட்கவில்லை, வாழ்ந்த இடத்தைக் கேட்கிறது. பகிர்ந்து வாழ்ந்த குடும்ப வீட்டில் தங்க அவளுக்கு உரிமை உண்டு. மாமியாரின் தனிச் சொத்து அந்த வகையில் வராது என்று 2006இல் உச்ச நீதிமன்றம் சொன்னதை, 2020 அக்டோபரில் அதே நீதிமன்றம் சதீஷ் சந்தர் அஹுஜா வழக்கில் மாற்றிவிட்டது. மூத்த குடிமக்கள் சட்டத்தில் கோட்டாட்சியரிடம் மனு போட்டு மருமகளை வெளியேற்றும் வழியையும் அந்த ஆண்டு டிசம்பரில் வனிதா வழக்குத் தீர்ப்பு கட்டுப்படுத்தியது.

இந்த உரிமையை நடைமுறைக்குக் கொண்டுவருவது 19ஆம் பிரிவு. அதன் ஆணைக்குத் தமிழில் வசிப்பிட ஆணை என்பதே பொருத்தம். குடியிருப்பு ஆணை என்றால் ஏதோ வீட்டு வசதி வாரிய ஒதுக்கீடு போல ஒலிக்கிறது. மார்த்தாண்டத்தில் வாடகைக்கோ ஒற்றிக்கோ இருக்கும் குடும்பத்தை எடுத்துக்கொள்வோம். வீட்டின் சொந்தக்காரரிடம் கணவன் போய் "நாங்க காலி பண்றோம், பணத்தைத் தாங்க" என்று வாங்கிக்கொண்டு கல்ஃபுக்கு விமானம் ஏறிவிட்டால் அவள் நிற்பது தெருவில். நடுவரின் அனுமதியில்லாமல் அந்த உரிமையை அவன் விட்டுக்கொடுக்கக் கூடாது என்றே வசிப்பிட ஆணை வாங்க முடியும். அதே தரத்தில் வேறு வீடு பார்த்துத் தரவோ வாடகை கட்டவோ அவனுக்கு உத்தரவிடலாம். அவனை வீட்டை விட்டு வெளியேறச் சொல்லவும் முடியும். மாமியார், நாத்தனார் மீது மற்ற ஆணைகள் பெறலாம், ஆனால் பெண்களை வெளியேற்றும் ஆணை கிடையாது. வீட்டின் சொந்தக்காரரை இது பொதுவாகக் கட்டுப்படுத்தாது. அவருக்கும் குடியிருப்பவருக்கும் உள்ள தகராறு 2017ஆம் ஆண்டு தமிழ்நாடு வாடகைச் சட்டத்தில், வாடகை நீதிமன்றத்தில் போகும்.

19இல் இன்னொரு சொல்லும் இருக்கிறது: ஸ்திரீதனம். பெண்ணின் சொந்தச் சொத்து என்பது அதன் பொருள். அது தேய்ந்து வந்த சீதனம் நம் மாவட்டத்தில் மாப்பிள்ளை வீட்டுக்குக் கொடுக்கும் ரொக்கம், நகை என்றாகிவிட்டது. சொல் பெண்ணிடமிருந்து கைமாறிப்போனது எனக்கு மிகவும் வருத்தம் தருகிற விஷயம். அவளுடைய நகையைத் திருப்பித் தரச் சொல்லி நடுவர் ஆணையிடலாம். நகைக்கடை பில், கல்யாண ஆல்பத்தில் நகை தெரியும் படம், பேங்க் ரசீது எது கிடைத்தாலும் மனுவோடு சேருங்கள்.

மனுவை மாவட்ட சமூக நலத் துறையின் பாதுகாப்பு அலுவலர் மூலமாகவும் போடலாம், நேராகவும் போடலாம். குழந்தைகள் பாதுகாப்பு அலுவலர் வேறு ஆள். பேர் ஒன்றுபோல இருப்பதால் மாறிப் போய்த் திரும்பி வருகிறவர்கள் உண்டு. பெண்களுக்கு வருமானம் பார்க்காமல் இலவச வக்கீல் தருவது மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு. தொலைபேசி எண் 15100. பெண்கள் உதவி எண் 181. முதல் விசாரணை சாதாரணமாக 3 நாளுக்குள், தீர்ப்புக்கு 60 நாளுக்குள் முயற்சி என்று சட்டம் சொன்னாலும் இழுக்கத்தான் செய்கிறது. ஆகவே முதல் நாளே 23ஆம் பிரிவில் இடைக்கால ஆணை கேளுங்கள். கணவன் வராவிட்டாலும் அவளுடைய பிரமாண வாக்குமூலத்தின் மேல் அது கிடைக்கும். மீறலைக் குற்றமாக்கும் 31ஆம் பிரிவு பெயர் சொல்லிக் குறிப்பது பாதுகாப்பு ஆணையையும் இடைக்காலப் பாதுகாப்பு ஆணையையும்தான். அதனால் வீடு மட்டும் போதும் என்று 19ஐ மட்டும் கேட்காமல், 18ஐயும் சேர்த்தே எழுதச் சொல்லுங்கள். ஆணையின் நகல் இலவசம். உள்ளூர் ஸ்டேஷனுக்கும் கோர்ட் ஒரு நகல் அனுப்ப வேண்டும். அது போய்ச் சேர்ந்ததா என்று அடுத்த நாளே கேட்டுவிடுங்கள்.