ஸ்ப்ளாங்க்னிஸோமாய்: குடல் துடிக்கும் இரக்கம்

பைபிளில் இயேசு சொன்ன ஓர் உவமை: லூக்கா 15:20-இல் கெட்ட குமாரன் வீடு திரும்புகிறான். தூரத்தில் வரும்போதே தகப்பன் அவனைக் கண்டு, "மனதுருகி, ஓடி, அவன் கழுத்தைக் கட்டிக்கொண்டு" முத்தமிடுகிறான். அந்த 'மனதுருகி' இருக்கும் இடத்தில் கிரேக்க மூலத்தில் உள்ள வினைச்சொல்தான் ஸ்ப்ளாங்க்னிஸோமாய்.

இதன் வேர் 'ஸ்ப்ளாங்க்னா'. ஈரல், நுரையீரல், குடல் என்று உடம்புக்குள் இருக்கும் உறுப்புகளுக்கான பெயர் அது. இயேசுவைக் காட்டிக்கொடுத்த யூதாசின் சாவைச் சொல்லும் அப்போஸ்தலர் 1:18-இல் 'குடல்களெல்லாம் சரிந்துபோயிற்று' என்று வருகிறதே, அங்கே இருப்பதும் இதே பெயர்ச்சொல்தான். அதிலிருந்து பிறந்த வினை, உள்ளுறுப்பெல்லாம் அசைந்துபோகிற அளவுக்கு இரங்குவதைக் குறிக்கிறது.

புதிய ஏற்பாட்டில் இந்த வினை 12 இடங்களில் வருகிறது. மத்தேயு, மாற்கு, லூக்கா தவிர வேறெங்கும் இல்லை. இப்படி இரங்குகிறவர் ஒன்று இயேசு, இல்லையென்றால் அவர் சொன்ன உவமையில் வரும் ஒருவர்.

இலக்கணத்துக்கு வருவோம். லூக்கா 15:20-இல் கண்டான், ஓடினான், கட்டிக்கொண்டான், முத்தமிட்டான் எல்லாமே கிரேக்கத்தில் செய்வினை வடிவம். நடுவில் வரும் 'எஸ்ப்ளாங்க்னிஸ்தே' மட்டும் செயப்பாட்டு வடிவம். மற்றவை தகப்பன் செய்தவை. இது அவனுக்கு நேர்ந்தது. மகனைக் கண்டதும் உள்ளே ஏதோ அவனை உலுக்கிவிட்டது, அப்புறம்தான் கால்கள் ஓடின.

நல்ல சமாரியன் கதையில் இந்த வேறுபாடு இன்னும் துலக்கம். அடிபட்டுக் கிடந்தவனைக் கண்டு சமாரியன் மனதுருகினான் என்ற இடத்தில் (10:33) நம் சொல் வருகிறது. கதை முடிந்து, பிறன் யார் என்று இயேசு கேட்க, "இரக்கஞ்செய்தவனே" என்று நியாயசாஸ்திரி, அதாவது யூதச் சட்டம் அறிந்தவன், சொல்லும் பதிலில் (10:37) இருப்பது 'எலெயொஸ்' என்ற வேறு சொல். அதைச் செய்யலாம். ஸ்ப்ளாங்க்னிஸோமாய் என்பதைச் செய்ய முடியாது, அது தானாக வரவேண்டும்.

அதனால்தான் 'இரக்கம் காட்டினான்' என்பது இதற்குப் பொருந்தாது. திருவிவிலியம் என்ற பிந்தைய மொழிபெயர்ப்பின் 'பரிவு கொண்டார்' சரிதான், ஆனால் கொஞ்சம் அமைதியாக இருக்கிறது. 'உருகு' தன்வினை; யாரும் தன்னைத் தானே உருக்கிக்கொள்வதில்லை. அந்த வகையில் பழைய மொழிபெயர்ப்பின் 'மனதுருகி' கிரேக்க இலக்கணத்துக்கே நெருக்கமானது. உடம்பு மட்டும்தான் அதில் விடுபட்டுப்போகிறது.

அந்த உடம்பும் அதே வேதாகமத்தில் வேறோர் இடத்தில் இருக்கிறது. ஒரே பிள்ளைக்கு இரண்டு பெண்கள் உரிமை கேட்ட வழக்கில், சாலொமோன் ராஜா முன்னால் பிள்ளையை வெட்டப் பட்டயம் வந்தபோது, பெற்றவளுக்கு "குடல் துடித்ததினால்" என்று 1 இராஜாக்கள் 3:26 சொல்கிறது. அங்கே மூலம் எபிரெயம். 'ரஹமீம்' என்ற சொல், கருப்பையைக் குறிக்கும் 'ரெஹெம்' என்பதோடு உறவுடையது. பெற்ற வயிறு என்று நாம் சொல்வோமே, அதேதான். லூக்காவின் தகப்பனுக்கும் அந்தச் சொற்களையே கொடுப்பேன்: தூரத்தில் மகனைக் கண்டான், குடல் துடித்தது, ஓடினான்.