தேவசமாதானம்: யாரோடு சண்டை?

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில், பக்கத்து வீட்டு ஜெபக்கூட்டத்தில், வேதாகமத்தில் அப்போஸ்தலர் பவுல் பிலிப்பி ஊராருக்கு எழுதிய கடிதத்திலிருந்து 'தேவசமாதானம் உங்கள் இருதயங்களைக் காத்துக்கொள்ளும்' என்ற வசனத்தை (பிலிப்பியர் 4:7) வாசித்து முடித்ததும், இடைநிலைப்பள்ளியில் படிக்கிற ஒரு பிள்ளை என்னிடம் கேட்டாள்: "தேவசமாதானம்னா, கடவுளுக்கும் யாருக்கும் சண்டை, அங்கிள்?" பெரியவர்கள் சிரித்துவிட்டார்கள். ஆனால் அவள் கேட்டது சரி. பேச்சு வழக்கில் சண்டை போட்ட இருவரைச் சேர்த்து வைப்பதும் சமாதானம், அழுகிற குழந்தையைத் தேற்றுவதும் சமாதானம், லேட்டாக வந்துவிட்டு, வேலை வாங்கும் மண்டோரிடம் சொல்லும் சாக்குப்போக்கும் சமாதானம்தான்.

சொல் வடமொழி. சம், ஆ, தா என்ற மூன்றும் சேர்ந்தது. சிதறியதை ஒன்றாகச் சேர்த்து வைப்பது என்று பொருள். (சமாதியும் இதே வேர்தான், அது வேறு கதை.) வேதாகமத்தில் இது எபிரேய 'ஷாலோம்' நிற்கும் இடத்தில் வருகிறது. ஷாலோம் என்றால் சத்தமில்லாமல் இருப்பது அல்ல, குறையில்லாமல் முழுசாக இருப்பது; கடனைக் கட்டித் தீர்ப்பதற்கான எபிரேயச் சொல்லுக்கும் அதே வேர்தான். அரபியில் சலாம் இதன் உடன்பிறப்பு, அங்கிருந்து வந்ததுதான் நாம் காலையில் கடைக்காரரிடம் மலாயில் வணக்கமாகச் சொல்கிற 'செலாமாட் பாகி'யின் செலாமாட். ஆக ஷாலோமின் சொந்தக்காரச் சொல்லை நாம் தினமும் வாயில் வைத்துக்கொண்டுதான் திரிகிறோம்.

நல்ல தமிழில்? அமைதி. 1995-இல் வந்த பொது மொழிபெயர்ப்பான திருவிவிலியத்தில் "அமைதியை உங்களுக்கு விட்டுச் செல்கிறேன்" என்றுதான் இருக்கிறது. ஜெபத்துக்கும் கத்தோலிக்கர்கள் இப்போது இறைவேண்டல் என்கிறார்கள். எனக்கு முதலில் இது ஒட்டவில்லை. அமைதி என்றால் வகுப்பறையில் 'அமைதி காக்கவும்' என்று எழுதி மாட்டியிருப்பதுதான் ஞாபகம் வரும், அப்புறம் ஆட்கள் பட்டணத்துக்குப் போய்விட்ட எஸ்டேட் லயத்து வீடுகள், அங்கேயும் சத்தம் இல்லை, ஆனால் அதற்குப் பெயர் வேறு. பிறகுதான் 'அமை' என்ற வேரைப் பார்த்தேன். நல்ல வரன் அமைந்தது, வேலை அமைந்தது என்கிறோமே, அந்த அமை. இருக்க வேண்டியது இருக்க வேண்டிய இடத்தில் வந்து பொருந்துவது. ஷாலோமுக்கு இதைவிடக் கிட்டத்தில் வரும் தமிழ்ச்சொல் எனக்குத் தெரியாது. நிம்மதி கொஞ்சம் சின்னது, பில்லைக் கட்டினாலே வந்துவிடும்.

பவுல் அந்தக் கடிதத்தை எழுதும்போது விலங்கோடு காவலில் இருந்தார். ஒன்றுக்கும் கவலைப்படாமல், விண்ணப்பங்களை ஸ்தோத்திரத்தோடு தேவனுக்குத் தெரியப்படுத்துங்கள் என்கிறார். கேட்டது கிடைக்கும் என்று அங்கே சொல்லவில்லை, தேவசமாதானம் உங்கள் இருதயங்களைக் 'காத்துக்கொள்ளும்' என்றுதான் சொல்கிறார். அந்த இடத்தில் உள்ள கிரேக்கச் சொல் ராணுவத்தின் சொல், காவல் வீரர்கள் நின்று ஊரைக் காப்பதைக் குறிப்பது. பிலிப்பியோ ஓய்வுபெற்ற ரோமப் படைவீரர்கள் குடியேறிய ஊர், அவர்களுக்கு இது உடனே புரிந்திருக்கும்.

அந்தப் பிள்ளைக்கு எப்படிச் சொல்வது என்று நான் யோசித்துக்கொண்டிருக்க, மூலையில் இருந்த பாட்டி முந்திக்கொண்டார். "ஜாகாம்மா. உங்க தாத்தா எஸ்டேட்ல ராத்திரி காவலுக்கு ஜாகாவா இருந்தாரு. திருடன் வரமாட்டான்னு யாரு சொன்னா? அவரு முழிச்சிருப்பாரு, நாங்க தூங்குவோம்."