மூன்று நாளில் ஒரு நாள் வேலை

மென்பொருள் அலுவலகங்களில் அடிக்கடி காதில் விழும் கேள்வி, "இது எப்ப முடியும்?" அடிக்கடி கிடைக்கும் பதில், "ரெண்டு நாள்." அந்த இரண்டு நாள் எந்த இரண்டு நாள் என்று யாரும் கேட்பதில்லை. வேறு வேலையே இல்லாமல், போன் அடிக்காமல், பக்கத்து மேசைக்காரர் சந்தேகம் கேட்காமல் உட்கார்ந்தால் ஆகும் இரண்டு நாளா? அல்லது காலண்டரில் கிழிக்கப்படும் இரண்டு நாளா?

1990களின் நடுவில் அமெரிக்காவின் கிரைஸ்லர் கார் நிறுவனம் தன் ஊழியர்களின் சம்பளக் கணக்குக்காக சி3 என்ற மென்பொருளை உருவாக்கிக்கொண்டிருந்தது. தடுமாறிக் கிடந்த அந்தத் திட்டத்தைத் தூக்கி நிறுத்த 1996இல் மென்பொருள் வல்லுநர் கென்ட் பெக் அழைக்கப்பட்டார். இன்னொரு வல்லுநரான ரான் ஜெஃப்ரிஸும் சேர்ந்துகொண்டார். 'எக்ஸ்ட்ரீம் புரோகிராமிங்' என்ற வேலைமுறை அங்கேதான் உருப்பெற்றது. அம்முறையில் ஒவ்வொரு வேலையையும் முதலில் 'இடையூறு இல்லாத நாள்' கணக்கில்தான் மதிப்பிட்டார்கள். பிறகு நடைமுறைக்கு ஏற்ப அதை ஓர் எண்ணால் பெருக்குவார்கள். அந்த எண் பெரும்பாலும் 3 பக்கத்தில் வந்து நின்றது. ஒரு நாள் வேலைக்கு உண்மையில் மூன்று நாள் பிடித்தது.

கணக்கு சரியாகவே வேலை செய்தது. பணம் கொடுப்பவர்களுக்குத்தான் அது புரியவில்லை. "ஒரு நாள் வேலை என்கிறீர்கள், ஏன் மூன்று நாள் ஆகிறது?" என்று திரும்பத் திரும்பக் கேட்டார்கள். ஆகவே 'நாள்' என்ற சொல்லையே எடுத்துவிட்டு 'பாயின்ட்' என்று சொல்லத் தொடங்கினார்கள். இன்று உலகம் முழுக்க, வேலைகளைப் பட்டியலிடும் ஜிரா என்ற மென்பொருளின் திரையில் ஒவ்வொரு ஸ்டோரிக்கும், அதாவது பயனருக்குச் செய்து தர வேண்டிய ஒவ்வொரு சிறு வேலைக்கும், பக்கத்தில் குந்தியிருக்கும் 3, 5, 8 போன்ற எண்களின் பூர்வீகம் இதுதான். ஸ்டோரி பாயின்ட்டைக் கண்டுபிடித்தது தானாக இருந்தால் அதற்காக இப்போது வருந்துவதாக ஜெஃப்ரிஸ் பின்னாளில் எழுதியதையும் சொல்லிவிட வேண்டும். காரணம் கீழே வருகிறது.

பெயர் மாற்றம் என்று தோன்றினாலும், உள்ளே நடந்தது ஒரு பிரிவினை. 'எவ்வளவு பெரியது' என்பது ஒரு கேள்வி. 'எவ்வளவு காலம் ஆகும்' என்பது வேறொரு கேள்வி. முதல் கேள்விக்கு மனிதர்கள் ஓரளவு நன்றாகவே பதில் சொல்வார்கள். இரண்டாவதில் தொடர்ந்து தோற்பார்கள். 1979இல் கானமன், ட்வெர்ஸ்கி என்ற உளவியலாளர்கள் இந்தத் தோல்விக்குத் திட்டமிடல் மயக்கம் என்ற பொருளில் ஒரு பெயரே வைத்தார்கள். 1994இல் வெளியான ஆய்வு ஒன்றில், பட்டப்படிப்பு ஆய்வேட்டை எப்போது முடிப்பீர்கள் என்று கனடா மாணவர்களிடம் கேட்டார்கள். சராசரிப் பதில் 34 நாள். "எல்லாமே மோசமாகப் போனால்?" என்று கேட்டபோது 49 நாள் என்றார்கள். உண்மையில் ஆனது சராசரியாக 55 நாளுக்கும் மேல். கெட்ட கனவில் கண்டதைவிட நிஜம் தாமதமானது.

இதில் சோம்பேறித்தனம் ஒன்றுமில்லை. நாள் கணக்குச் சொல்லும்போது மனம் வேலையின் படிகளை ஒவ்வொன்றாக ஓட்டிப் பார்க்கிறது. அந்த ஓட்டத்தில் சர்வர் விழுவதில்லை, யாருக்கும் காய்ச்சல் வருவதில்லை. மேலும் ஒரு வேலை சீக்கிரம் முடிவதற்கு ஓர் எல்லை உண்டு. மூன்று நாள் வேலை எவ்வளவு சீக்கிரம் முடிந்தாலும் அரை நாளாவது ஆகும். தாமதத்துக்கு அப்படி எல்லை இல்லை. அது பதினைந்து நாளும் ஆகலாம். ஆகவே ஒரு பக்கப் பிழை மறுபக்கப் பிழையை ஈடுகட்டுவதே இல்லை.

ஒப்பிடுவதில் இந்தத் தொல்லை குறைவு. இரண்டு பைகளைக் கையில் தூக்கிப் பார்த்தால் எத்தனை கிலோ என்று சொல்ல வராது. எது கனம் என்று சொல்லிவிடலாம். அதனால் குழு ஏற்கெனவே முடித்த, எல்லோருக்கும் நன்றாகத் தெரிந்த ஒரு சிறிய வேலையை எடுத்து அதற்கு 2 அல்லது 3 என்று வைத்துக்கொள்கிறது. புதிதாக வரும் ஒவ்வொன்றையும் அதன் பக்கத்தில் நிறுத்திப் பார்க்கிறது. 1, 2, 3, 5, 8, 13 என்று எண்கள் போகப்போக இடைவெளி விரிவதற்கும் இதுதான் காரணம். ஒரு கிலோவுக்கும் இரண்டு கிலோவுக்கும் உள்ள வித்தியாசத்தைக் கை உணரும். இருபதுக்கும் இருபத்தொன்றுக்கும் உள்ளதை உணராது. வேலை பெரிதாகப் பெரிதாக நமக்குத் தெரியாததும் பெரிதாகிறது. "இது 8 இல்லை, 9" என்று யாராவது வாதாடினால், இல்லாத துல்லியத்துக்காகச் சண்டை போடுகிறார் என்று பொருள்.

இந்த எண்ணை எட்டுவதற்குப் பல குழுக்கள் பயன்படுத்துவது 'பிளானிங் போக்கர்'. 2002இல் ஜேம்ஸ் கிரெனிங் வகுத்தது. ஆளுக்கு ஒரு சீட்டுக்கட்டு. என்ன செய்ய வேண்டும் என்று முடிவு செய்யும் பிராடக்ட் ஓனர் ஸ்டோரியைப் படிப்பார். ஐந்து நிமிடம் கேள்விகள். பிறகு எல்லோரும் ஒரு சீட்டை எடுத்துக் கவிழ்த்து வைத்து, ஒரே நேரத்தில் திருப்ப வேண்டும். ஒரே நேரத்தில் என்பதுதான் முறையின் உயிர். 1974இல் வெளியான சோதனை ஒன்றில், 10 அல்லது 65இல் மட்டுமே நிற்கும்படி செய்யப்பட்ட சுழல்சக்கரத்தைச் சுற்றிவிட்டு, ஐ.நா.வில் ஆப்பிரிக்க நாடுகள் எத்தனை சதவீதம் என்று கேட்டார்கள். 10ஐப் பார்த்தவர்களின் பதில் 25 பக்கம். 65ஐப் பார்த்தவர்களுடையது 45 பக்கம். சம்பந்தமே இல்லாத சக்கரமே மனதை இப்படி இழுக்குமென்றால், சீனியர் டெவலப்பர் வாய்விட்டுச் சொல்லும் "இது சின்ன வேலைதான்" எவ்வளவு இழுக்கும்! அதற்குப் பிறகு புதிதாகச் சேர்ந்தவர் 13 சீட்டை எடுப்பாரா?

ஒரு பேருந்து முன்பதிவுச் செயலியை எடுத்துக்கொள்வோம். ஸ்டோரி இது: பயணி டிக்கெட்டை ரத்து செய்தால் பணம் திரும்பக் கிடைக்க வேண்டும். சீட்டுகள் திரும்புகின்றன: 3, 3, 5, 3, 13. சராசரி போட்டு 5 என்று எழுதிவிட்டுப் போகும் குழுக்கள் உண்டு. அப்படிச் செய்தால் அந்த ஐந்து நிமிடம் வீண். பேச வேண்டியவர்கள் 3 வைத்தவரில் ஒருவரும் 13 வைத்தவரும். இங்கே 13 வைத்தவர் டெஸ்டர். நான்கு டிக்கெட்டில் ஒன்றை மட்டும் ரத்து செய்தால் தள்ளுபடியை எப்படிப் பிரிப்பது? பணம் திருப்பும் கோரிக்கை போய், பணப் பரிமாற்றத்தைக் கையாளும் பேமென்ட் கேட்வேயிலிருந்து பதில் வராமல் இணைப்பு அறுந்தால் என்ன? பயணி பொத்தானை மறுபடி அழுத்தினால் பணம் இரண்டு முறை போகுமா? அறை அமைதியாகிவிடும். அந்த 13 ஒரு மதிப்பீடு மட்டுமல்ல, இன்னும் எழுதப்படாத மூன்று பக் ரிப்போர்ட் (பிழைப் புகார்).

இப்படி ஒரு ஸ்டோரி உப்பிவிட்டால் பிரிக்க வேண்டும். முழு டிக்கெட் ரத்து ஒரு ஸ்டோரி, பகுதி ரத்து இன்னொன்று, இணைப்பு அறுந்தால் இரட்டைப் பணம் போகாமல் காப்பது மூன்றாவது. 'திரை ஒன்று, சர்வர் ஒன்று, டேட்டாபேஸ் ஒன்று' என்று பிரிப்பது பலரும் செய்யும் தவறு. அப்படிப் பிரித்தால் மூன்றும் முடியும்வரை பயணிக்கு ஒன்றும் கிடைக்காது. எது முடிந்தது என்று அளக்கவும் முடியாது. கேட்வே எப்படி நடந்துகொள்ளும் என்றே தெரியவில்லை என்றால் எண் போட முயலாமல், ஒரு நாள் அல்லது இரண்டு நாள் என்று காலத்துக்கு வரம்பு கட்டி ஆராயச் சொல்வதே மேல். இதற்கு 'ஸ்பைக்' என்று பெயர். அதன் விளைபொருள் நிரல் இல்லை, விடை.

சரி, பாயின்ட் வந்துவிட்டது. நாளாக்குவது எப்படி? பாயின்ட்டுக்கு இத்தனை மணி நேரம் என்று அட்டவணை போடுவது பிரித்ததை மறுபடி ஒட்டுவதாகும். குழு ஒன்றிரண்டு வாரம் என்று வகுத்துக்கொண்டு வேலை செய்யும் சுற்றுக்கு ஸ்பிரின்ட் என்று பெயர். ஒரு ஸ்பிரின்ட்டில் உண்மையாக முடிந்த ஸ்டோரிகளின் பாயின்ட்டைக் கூட்ட வேண்டும். அதுதான் வெலாசிட்டி. 90 சதவீதம் முடிந்த ஸ்டோரிக்குப் பூஜ்யம். கறாராகத் தெரியலாம், ஆனால் மீதி 10 சதவீதத்தில்தான் டெஸ்டிங்கும் இணைப்புக் கோளாறும் ஒளிந்திருக்கும். பாதி பாயின்ட் கொடுக்கத் தொடங்கினால் எல்லா ஸ்டோரியும் மாதக்கணக்கில் 90 சதவீதத்திலேயே நிற்கும்.

உதாரணத்துக்கு, இரண்டு வார ஸ்பிரின்ட் ஓட்டும் ஐந்து பேர் குழு. கடைசிப் பத்து ஸ்பிரின்ட்டுகளில் முடித்தது 21, 26, 18, 30, 24, 23, 12, 27, 25, 22. கூட்டினால் 228, சராசரி 22.8. பேக்லாக்கில், அதாவது இன்னும் செய்ய வேண்டிய வேலைகளின் பட்டியலில், 180 பாயின்ட் இருக்கிறது. வகுத்தால் 7.9; ஆகவே எட்டு ஸ்பிரின்ட், பதினாறு வாரம். பெரும்பாலான திட்ட அறிக்கைகள் இங்கே நின்றுவிடும்.

இன்னும் ஒரு படி போனால் கதை மாறுகிறது. அந்தப் பத்து எண்களையும் சீட்டில் எழுதிக் குலுக்கிப் போடுங்கள். ஒன்றை எடுத்துக் குறித்துக்கொண்டு திரும்பப் போட்டு, மறுபடி எடுத்து, கூட்டுத்தொகை 180ஐத் தொடும்வரை எத்தனை முறை எடுத்தீர்கள் என்று எண்ணுங்கள். ஒரு திட்டத்தை ஒரு முறை கற்பனையில் ஓட்டிப் பார்த்தாயிற்று. இதையே கணினியிடம் பத்தாயிரம் முறை செய்யச் சொன்னால் சில நொடிகளில் முடித்துவிடும். இதற்கு மான்டி கார்லோ முறை என்று பெயர். 1940களில் அமெரிக்காவின் லாஸ் அலமோஸ் ஆய்வகத்தில் உலாம், வான் நியூமன் என்ற கணிதவியலாளர்கள் அணு ஆயுத ஆய்வுக்காக வளர்த்தெடுத்தது. நம் குழுவுக்கு விடை இது: எட்டு ஸ்பிரின்ட்டுக்குள் முடியும் வாய்ப்பு ஏறத்தாழ 60 சதவீதம். ஏழில் முடியும் வாய்ப்பு 5 சதவீதம் அளவே. ஒன்பதில் 95ஐத் தாண்டிவிடும். 'பதினாறு வாரம்' என்று அடித்துச் சொன்ன மேனேஜர், பத்துக்கு நான்கு முறை பொய்யாகப் போகும் வாக்கைக் கொடுத்திருக்கிறார். இரண்டு வாரம் கூடுதலாகக் கேட்டிருந்தால் அனேகமாகத் தப்பித்திருப்பார்.

இதுவும் பேக்லாக் வளராது என்று நம்பிப் போட்ட கணக்கு. நடுவில் 10 சதவீதம் வேலை சேர்ந்து 198 ஆனால், எட்டு ஸ்பிரின்ட் வாய்ப்பு 13 சதவீதம் பக்கம் சரிந்துவிடும், ஒன்பதுகூட 70தான். வேகத்தில் வரும் ஏற்ற இறக்கத்தைவிட, நடுவில் நுழையும் வேலைதான் தேதிகளை அதிகம் சாப்பிடுகிறது. அதற்கும் கணக்கு வையுங்கள்: ஸ்பிரின்ட்டுக்கு எத்தனை பாயின்ட் முடிந்தது என்பதற்குப் பக்கத்திலேயே எத்தனை புதிதாக வந்தது என்றும் எழுதுங்கள்.

அடுத்த ஸ்பிரின்ட்டுக்கு எவ்வளவு எடுப்பது என்பது எளிய கணக்கு. ஐந்து பேர், பத்து வேலை நாள், மொத்தம் 50 ஆள்-நாள். தீபாவளி வாரத்தில் எட்டு ஆள்-நாள் விடுப்பில் போகிறது என்றால் மீதி 42. ஆக 22.8ஐ 50இல் 42 பங்காகக் குறைத்தால் 19 பாயின்ட். மீட்டிங், நேர்காணல், புரொடக்‌ஷன் பக் எல்லாவற்றையும் தனியாகக் கழிக்கத் தேவையில்லை. பழைய வெலாசிட்டியும் அதே மீட்டிங்குகளில் உட்கார்ந்து எழுந்து வந்ததுதானே!

இனி ஜெஃப்ரிஸ் ஏன் வருந்தினார் என்பதற்கு வரலாம். வெலாசிட்டி ஒரு வெப்பமானி. அதை இலக்காக்கினால், வெப்பமானியைத் தேய்த்துச் சூடேற்றுவது யாருக்கும் கைவரும் கலை. "அடுத்த காலாண்டில் வெலாசிட்டி 20 சதவீதம் ஏற வேண்டும்" என்று மேலிடம் சொன்னால் ஏறும். நேற்றைய 3 இன்று 5 ஆகும், வேலை அதேதான். யாரும் கூடிச் சதி செய்ய வேண்டியதில்லை. சந்தேகம் வரும்போதெல்லாம் பெரிய சீட்டை எடுத்தால் போதும். இரண்டு குழுக்களின் வெலாசிட்டியை ஒப்பிடுவது இன்னும் மோசம். இரண்டும் வெவ்வேறு அளவுகோல். ஒரு வீட்டு டம்ளரையும் இன்னொரு வீட்டு டம்ளரையும் எண்ணி யார் அதிகப் பால் குடித்தார்கள் என்று தீர்ப்புச் சொல்வதுபோல.

இன்னொரு பொறி, ஆட்களை 100 சதவீதம் நிரப்புவது. வேலைகள் ஒழுங்கில்லாமல் வந்து, ஒவ்வொன்றும் வெவ்வேறு நேரம் எடுக்கும் ஒரு வரிசையை எளிய கணிதத்தால் விவரிக்கலாம். வேலை செய்பவர் 50 சதவீதம் மும்முரமாக இருந்தால், ஒரு வேலை காத்திருக்கும் சராசரி நேரம் அந்த வேலைக்கு ஆகும் நேரத்துக்குச் சமம். 80 சதவீதத்தில் அது நான்கு மடங்கு. 90இல் ஒன்பது மடங்கு. 95இல் பத்தொன்பது மடங்கு. குழுவில் ஒரே ஒரு டெஸ்டர் இருந்து, அவர் நாள் முழுக்க மூச்சுவிடாமல் உழைக்கிறார் என்றால், பெருமைப்பட ஒன்றுமில்லை. ஸ்பிரின்ட்டின் கடைசி இரண்டு நாளில் எல்லா ஸ்டோரியும் அவர் மேசையில் குவிந்து கிடப்பது அதனால்தான். டெவலப்பர்கள் புது வேலை எடுப்பதை நிறுத்திவிட்டு டெஸ்டிங்குக்குக் கைகொடுப்பதுதான் அங்கே வேகம்.

பாயின்ட்டே வேண்டாம் என்று சொல்லும் குழுக்களும் இருக்கின்றன. ஸ்பிரின்ட்களாக வேலை செய்யும் ஸ்கிரம் என்ற வேலைமுறையின் வழிகாட்டி நூலில்கூட ஸ்டோரி பாயின்ட் பற்றி ஒரு வார்த்தை கிடையாது. ஸ்டோரிகளை எல்லாம் இரண்டு மூன்று நாளில் முடியும் அளவுக்கு நறுக்கப் பழகிவிட்டால், பாயின்ட்டைக் கூட்டுவதற்குப் பதில் ஸ்டோரி எழுதிய அட்டைகளையே எண்ணலாம். மேலே சொன்ன குலுக்கல் கணக்கு அட்டை எண்ணிக்கைக்கும் அப்படியே பொருந்தும். ஜான் லிட்டில் 1961இல் நிரூபித்த விதி இங்கே துணைக்கு வரும்: கையில் இருக்கும் வேலையை, முடிக்கும் வேகத்தால் வகுத்தால் ஒரு வேலைக்கு ஆகும் சராசரிக் காலம். குழுவின் வேலைப் பலகையில் 12 அட்டை ஓடிக்கொண்டிருக்கிறது, வாரத்துக்கு 6 முடிகிறது என்றால், சராசரியாக ஓர் அட்டை வெளியே வர இரண்டு வாரம். முடிக்கும் வேகம் குறையாமல் ஓடும் அட்டைகளை 6 ஆக்கினால் ஒரு வாரம்.

இந்த வழிக்கு மாற நினைத்தால் இன்றைக்கே ஒன்று செய்யலாம். ஒவ்வொரு அட்டையிலும் வேலை தொடங்கிய தேதியையும் முடிந்த தேதியையும் குறித்துவாருங்கள். முப்பது அட்டை சேர்ந்ததும் அவற்றுக்கு ஆன நாட்களை ஏறுவரிசையில் அடுக்கி, 26ஆவது எண்ணைப் பாருங்கள். அடுத்த முறை "இது எப்ப முடியும்?" என்று யாராவது கேட்டால், "இந்த மாதிரி வேலை ஏழில் ஆறு முறை இத்தனை நாளுக்குள் முடிந்திருக்கிறது" என்று அந்த எண்ணைச் சொல்லலாம்.