விண்வெளி யுகம் எந்த நாளில் தொடங்கியது?

'விண்வெளி யுகம்' என்ற பெயர், அது குறிக்கும் காலத்திற்கு முன்பே பிறந்துவிட்டது. பிரிட்டனைச் சேர்ந்த விமானத்துறை எழுத்தாளர் ஹாரி ஹார்ப்பர், 1946-இல் வெளியான தம் நூலுக்கு 'விண்வெளி யுகத்தின் விடியல்' என்று பொருள்படும் ஆங்கிலத் தலைப்பைச் சூட்டியபோது, பூமியைச் சுற்றிவரும் செயற்கைக்கோள் ஒன்றுகூட இருக்கவில்லை. நம் மரபில் யுகம் என்பது பல லட்சம் ஆண்டுகளின் கணக்கு. இத்தொடரிலோ அது, ஒரு புதிய ஆற்றல் மனிதர் கைக்கு வந்த காலத்தைக் குறிக்கிறது.

அந்த ஆற்றல் எது என்பதைப் பொறுத்தே தொடக்க நாளும் அமையும். ஜெர்மனியின் வி-2 ஏவுகணை 1944-லேயே, விண்வெளியின் எல்லையாகப் பலரும் கொள்ளும் 100 கிலோமீட்டர் உயரத்தைச் செங்குத்தாகப் பாய்ந்து கடந்தது. ஆயினும், மேலே போனது அப்படியே கீழே விழுந்துவிட்டது. விண்வெளியைத் தொடுவது வேறு, அங்கே தங்குவது வேறு. தங்குவதற்கு உயரத்தைவிடப் பக்கவாட்டு வேகமே முக்கியம். விழத் தொடங்கும் பொருள் முதல் நொடியில் சுமார் 5 மீட்டர் கீழே இறங்குகிறது. பூமியின் பரப்பும் 8 கிலோமீட்டர் தொலைவுக்குள் ஏறத்தாழ அதே அளவு வளைந்து தாழ்கிறது. ஆகவே நொடிக்கு ஏறக்குறைய 8 கிலோமீட்டர் வேகத்தில் கிடைமட்டமாகச் செல்லும் பொருள், விழுந்துகொண்டே இருந்தாலும் தரையை எட்டுவதில்லை.

அந்த வேகத்தை முதன்முதலில் எட்டியது, 1957 அக்டோபர் 4 அன்று சோவியத் ஒன்றியம் ஏவிய ஸ்புட்னிக்-1. ரஷ்ய மொழியில் அச்சொல்லுக்கு 'வழித்துணை' என்று பொருள். 58 சென்டிமீட்டர் விட்டமும் 83.6 கிலோ எடையும் கொண்ட அந்தப் பளபளப்பான உலோகப் பந்து, நான்கு நீண்ட ஆன்டெனாக்களைப் பின்னோக்கி நீட்டியபடி, 96 நிமிடங்களுக்கு ஒருமுறை பூமியைச் சுற்றியது. அதன் 'பீப் பீப்' ஒலியைப் பல நாடுகளின் வானொலி ஆர்வலர்கள் தங்கள் வீட்டுக் கருவிகளிலேயே கேட்டார்கள். பெயரளவில் இருந்த யுகம் காதில் விழும் செய்தியாக மாறியது அப்போதுதான் என்பதால், இந்த நாளைத் தொடக்கமாகக் கொள்வதே பொருத்தம் என்று நான் கருதுகிறேன். மூன்று வாரங்களில் மின்கலம் தீர்ந்து ஒலி நின்றது. மெல்லிய காற்றின் உராய்வால் படிப்படியாகத் தாழ்ந்த ஸ்புட்னிக், 1958 ஜனவரி 4 அன்று வளிமண்டலத்தில் எரிந்துபோனது.

ஐ.நா. பொதுச்சபை 1999-இல் அறிவித்த உலக விண்வெளி வாரமும் அக்டோபர் 4 அன்றுதான் தொடங்குகிறது. அது முடியும் அக்டோபர் 10, விண்வெளியை எந்த நாடும் தன் உடைமையாக்கிக்கொள்ளக் கூடாது என்ற ஒப்பந்தம் 1967-இல் நடைமுறைக்கு வந்த நாள்.